கோடாரியா, கடப்பாரையா? சீமைக் கருவேலை வெட்டும் முறை

புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் வட்டத்தைச் சேர்ந்த மீமிசலைச் சுற்றிலும், கடற்கரையை ஒட்டி வடக்கே கோட்டைப்பட்டினம், தெற்கே தொண்டி வரையிலும் ஈராண்டு உழாமல் போட்ட நிலத்தில் முதலில் குடியேறுவது சீமைக் கருவேல் மரம். வேலிக்கருவை, காட்டுக்கருவை என்றும் இதைச் சொல்வார்கள். மூன்றாம் ஆண்டில் நிலத்துக்காரர் ஆள் விட்டு வெட்டுகிறார். கூலி கொடுத்து, விறகையும் வண்டி ஏற்றிவிட்டு, நிலம் சுத்தமாகிவிட்டது என்று இருக்கும்போது, அடுத்த மழைக்கு ஒரு தூருக்கு எட்டு, பத்துக் கிளைகளாகத் துளிர்த்து முன்னைவிட அடர்ந்து நிற்கிறது. வெட்டிய உயரமும், அதற்கு எடுத்த கருவியுமே இதற்குக் காரணம்.

மத்திய, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 1877-ஆம் ஆண்டில் விறகுத் தேவைக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உப்பு நிலத்திலும் வறட்சியிலும் தழைப்பதால் கடலோர மாவட்டங்களில் விரைந்து பரவியது. 2017-இல் இதனை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-இல் அயல்நாட்டு ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கெனத் தமிழக அரசு ஒரு கொள்கையையும் வகுத்தது. ஆனாலும் இம்மரத்தின் விறகையும் கரியையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் பல உண்டு. ஆகவே ஒரே மரத்தை ஒருவர் ஒழிக்க நினைக்கிறார். மற்றொருவர் மறுபடியும் துளிர்க்க வேண்டும் என்று நினைக்கிறார். இந்த இரண்டு வேலைகளுக்கும் கருவிகள் வேறு, முறையும் வேறு.

வேர்க்கழுத்தே உயிர்நிலை

சீமைக் கருவேலின் முளைமொட்டுகள் பெரும்பாலும் வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்தில், தரைமட்டத்திலும் அதற்குச் சற்றுக் கீழேயும் உள்ளன. தரைக்கு மேல் எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் இம்மொட்டுகள் உயிரோடு இருக்கும். மேலே இருந்த மரம் போய்விட்டதால் வேரில் சேர்த்து வைத்திருந்த உணவு முழுவதும் இவற்றுக்கே கிடைக்கிறது. ஒரு மரம் பத்துக் கிளையாவது இதனால்தான். தரைக்குக் கீழே 30 செ.மீ., அதாவது ஓர் அடி ஆழத்தில் வேரைத் துண்டித்து, வேர்க்கழுத்தை வெளியே எடுத்துவிட்டால் மரம் மீண்டும் துளிர்ப்பதில்லை.

எனவே, உழுது பயிர் செய்ய வேண்டிய நிலத்தில் கோடாரி பாதி வேலையைத்தான் செய்யும். மீதி வேலை மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் உரியது.

மரத்தை அடையாளம் காணுதல்

முள் உள்ளதெல்லாம் சீமைக் கருவேல் ஆகாது. நாட்டுக் கருவேலுக்கு மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பூக்கள்; காய் மணி கோத்தாற்போல் இடையிடையே சுருங்கி, வெளிறிய சாம்பல் நிறமாக இருக்கும். சீமைக் கருவேலின் பூ விரல் போல நீண்ட கதிர்; காய் முற்றினால் மஞ்சளாகும், மணிகளுக்கிடையே ஆழமான சுருக்கம் இராது. வன்னியும் நம் நாட்டு மரமே. கூலியாட்களை இறக்கும் முன் விட வேண்டிய மரங்களில் சுண்ணாம்பு அடையாளம் போட்டுவிடுவது நல்லது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-இல் அரசு அறிவித்துள்ளதையும் நினைவில் கொள்ள வேண்டும். கண்மாய், ஊருணி, சாலையோரம் ஆகிய பொது இடங்களில் நிற்கும் மரங்களை உரிய அனுமதியின்றி வெட்டக் கூடாது.

அரிவாளும் கவைக்கம்பும்

முதல் வேலை அடிமரத்துக்கு வழி செய்வது. முள் கிளைகளைக் கையால் விலக்கக் கூடாது. ஐந்து, ஆறு அடி நீளமுள்ள கவைக்கம்பால் கிளையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வெட்டரிவாளைப் போட வேண்டும். கைப் பருமன் வரையுள்ள கிளைகளுக்கு அரிவாள் போதும். அதற்கு மேற்பட்டதை அரிவாளால் வெட்டினால் வாய் மடங்கும். வேலை செய்பவரின் மணிக்கட்டும் வலி எடுக்கும். கழித்த முள்ளை உடனுக்குடன் இழுத்து ஒரே இடத்தில் குவித்துவிட வேண்டும்.

கோடாரி

கோடாரி கனமாக இருந்தால்தான் நன்றாக வெட்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். எடை இரு மடங்கானால் வெட்டின் வலு இரு மடங்காகும். வீச்சின் வேகம் இரு மடங்கானாலோ வலு நான்கு மடங்காகும். கனத்த கோடாரியை ஒரு மணி நேரம் வீசியபின் வேகம் குறைந்துவிடும். நாள் முழுவதும் வேலை செய்யும் ஒருவருக்கு ஒன்றரை கிலோ அளவுள்ள தலையும், இரண்டரை முதல் மூன்று அடிக் காம்பும் பொருத்தம். விறகு பிளப்பதற்கு மட்டும் இதைவிடக் கனமான, கன்னம் தடித்த கோடாரி வேண்டும். மெல்லிய வாயுள்ள கோடாரியால் பிளந்தால் அது கட்டைக்குள் சிக்கிக்கொள்ளும்.

காம்புக்கு நாட்டுக் கருவேல் போன்ற வலுவும் நெகிழ்வும் உள்ள மரம் ஏற்றது. கணு இல்லாமல், இழை நுனி முதல் அடி வரை நேராக ஓட வேண்டும். பச்சை மரத்தைக் காம்பாகப் போட்டால் காய்ந்து சுருங்கித் தலை ஆடும். நிழலில் உலர்த்திய மரமே தேவை. ஆடும் தலையைத் தண்ணீரில் ஊறப் போடுவது ஒரு நாள் மருந்து. மறுநாள் முன்னைவிட அதிகம் ஆடும். ஆப்பை இறுக்கியோ காம்பை மாற்றியோ சரி செய்த பின்னரே வேலைக்கு எடுக்க வேண்டும்.

கோடாரி இரண்டு இருப்பது சிறந்தது. மரத்துக்கு ஒன்று, வேருக்கு ஒன்று. இங்குள்ள மணல் கலந்த நிலத்தில் வேர் வெட்டும் கோடாரி நாலு வீச்சுக்குள் மழுங்கும். தேய்ந்த பழைய கோடாரியை வேருக்கென ஒதுக்கிவிட்டால் நல்ல கோடாரி பல ஆண்டு உழைக்கும்.

ரம்பம்

கரிக்கும் விறகுக்கும் கட்டைகளை ஒரே நீளமாக அறுக்க ரம்பமே சிக்கனம். கோடாரியால் துண்டு போடும்போது ஒவ்வொரு வெட்டிலும் சிராய்களாக மரம் வீணாகிறது. கை கொள்ளும் கட்டைகளுக்கு வில் ரம்பம் போதும். ஓர் அடிக்கு மேல் பருமன் இருந்தால் இருவர் இழுக்கும் வாள் நல்லது. வாளை இழுக்க மட்டும் வேண்டும். தள்ளினால் தகடு வளையும்.

பச்சை மரத்தை அறுக்கும் ரம்பத்தின் பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று வலமும் இடமுமாகச் சற்று அதிகம் விரிந்திருக்க வேண்டும். இல்லையேல் ஈரத்தூள் அடைத்து ரம்பம் இறுகும். பிசின் ஒட்டினால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைக்கலாம். அறுக்கும்போது கட்டை இறுகிப் பிடித்தால் வெட்டுவாயில் மர ஆப்பைச் செருக வேண்டும். இரும்பு ஆப்பு பல்லை உடைக்கும்.

இப்போது பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பங்கள் பல ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கின்றன. அடிமரத்துக்கு அவை உதவும். ஆனால் சங்கிலி மண்ணைத் தொட்டால் அக்கணமே கூர் போய்விடும். ஆதலால் வேர்க்கழுத்தை எடுக்க அவை உதவா. ஜே.சி.பி. இயந்திரம் பெரிய தோப்புக்குப் பயன்படும். நாலைந்து சென்ட் நிலத்துக்கும், வரப்போரத்துக்கும், கிணற்றடிக்கும் கைக்கருவிகளே சரி.

வேரோடு அகற்றும் முறை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, நீர் வடிந்து, மண்ணில் ஈரம் இருக்கும் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்ற காலம். சித்திரையில் இறுகிய நிலத்தில் இதே வேலைக்குக் கூலி கூடுதலாகும்.

விரல் பருமன் உள்ள கன்றுகளை ஈரத்தில் கையுறை போட்டுப் பிடுங்கிவிடலாம். மணிக்கட்டுப் பருமன் உள்ளவற்றுக்குச் சுற்றிலும் மண்வெட்டியால் கொத்திக் கடப்பாரையால் நெம்பலாம். இதற்கு மேல் பருத்த மரங்களை முதலிலேயே தரையோடு வெட்டிவிடக் கூடாது. இடுப்பு உயரத்துக்கு அடிமரத்தை விட்டு மேலே உள்ளதை மட்டும் கழிக்க வேண்டும். பிறகு தூரைச் சுற்றி ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, பக்கவேர்களை வேர்க் கோடாரியால் துண்டிக்க வேண்டும். எஞ்சிய அடிமரத்தில் கயிறு கட்டி இழுத்தால் அதுவே நெம்புகோலாகி ஆணிவேரைச் சாய்த்துக் காட்டும். அங்கே வெட்டித் தூரை வெளியே எடுக்கலாம்.

கடப்பாரையைப் பயன்படுத்துவதிலும் கணக்கு உண்டு. 150 செ.மீ. கடப்பாரையின் நுனியிலிருந்து 15 செ.மீ. தள்ளி ஒரு கட்டையை அண்டக் கொடுத்து மறுமுனையை அழுத்தினால், கொடுத்த விசை ஒன்பது மடங்காகும். 20 கிலோ அழுத்தம் 180 கிலோவாக வேரை உயர்த்தும். அண்டக் கொடுக்காமல் வெறுமனே நெம்பினால் மண்தான் பெயரும். ஆளின் முதுகும் பிடித்துக்கொள்ளும்.

துளிர்க்க விட வேண்டுமானால்

விறகுக்காக விட்டிருக்கும் தோப்பில் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வெட்டுவது வழக்கம். இங்கே தூரைக் காக்க வேண்டும். தரையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. உயரத்தில், மழைநீர் வழிந்தோடும்படி சாய்வாக, பட்டை உரியாமல் ஒரே சீராக வெட்ட வேண்டும். கூரான ரம்பம் இதற்கு நல்லது. மழுங்கிய கோடாரியால் நைந்த தூரில் பூஞ்சணம் ஏறி அழுகும். துளிர்த்தவற்றில் வலுவான மூன்று, நான்கை விட்டு மற்றவற்றை முதலாண்டிலேயே அரிவாளால் கழித்துவிட வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பரவலாக உள்ள தைல மரத்துக்கும் இதே முறை பொருந்தும். சவுக்கு அப்படியன்று. இங்கு நெடுங்காலமாகப் பயிராகும் சவுக்கு வெட்டிய தூரிலிருந்து நன்றாகத் துளிர்ப்பதில்லை. அதனால்தான் சவுக்குத் தோப்பில் தூரையும் தோண்டி விறகாக விற்றுவிடுகிறார்கள்.

தீட்டுதலும் பாதுகாத்தலும்

மழுங்கிய கோடாரி கட்டையில் இறங்காமல் வழுக்கிக் காலில் பாயும். ஆகவே தீட்டுவது வேலையின் பகுதி. கோடாரியை அசையாமல் பிடித்து, அரத்தை ஒரே திசையில் ஓட்ட வேண்டும். திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். இருபுறமும் சமமாகத் தீட்டி, முடிவில் நனைத்த தீட்டுக்கல்லில் துடைத்தாற்போல் தேய்த்தால் போதும். சீமைக் கருவேல் கெட்டி மரம். சவரக்கத்தி போல் வாயை மெலிதாக்கினால் பொடிந்து போகும். மின்சாரச் சாணையில் அழுத்திப் பிடித்து வாய் நீலம் பாய்ந்துவிட்டால் இரும்பின் பதம் போய்விட்டது. மறுபடி கொல்லர் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பை ஓரிரவில் பிடிக்கும். மாலையில் கருவிகளை மண் போகத் துடைத்து, வேப்பெண்ணெயோ பழைய இயந்திர எண்ணெயோ தடவி வைக்க வேண்டும். மண் தரையில் சாத்தாமல் சுவரில் தொங்கவிடுவது நல்லது. கோடாரி வாய்க்கும் ரம்பப் பற்களுக்கும் பழைய சைக்கிள் டயரைப் பிளந்து உறையாகப் போடலாம்.

ஆட்களின் பாதுகாப்பு

இம்மரத்தின் முள் மெல்லிய ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும். தடித்த டயர் செருப்போ மூடிய காலணியோ அணிய வேண்டும். முள் முனை உள்ளே ஒடிந்து தங்கினால் வீங்கிச் சீழ் வைக்கும். ஊசியால் கிளறிக்கொண்டிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துக்கொண்டு, தேவையானால் இரணஜன்னித் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். மீள்கின்ற கிளை கண்ணில் அடித்தால் பார்வையே போகக்கூடும். ஆகவே கண்ணாடி அணிவது அவசியம். விலை மிகக் குறைவு.

கோடாரி வீசுபவரைச் சுற்றிப் பத்தடிக்குள் யாரும் நிற்கக் கூடாது. மரம் சாயும்போது அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம் விலக வேண்டும். விழ வேண்டிய பக்கத்தில் பருமனில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை முதலில் வாய் போட்டு, மறுபக்கத்தில் சற்று உயரத்தில் வெட்டினால் மரம் வாய் போட்ட பக்கம் சாயும். விழுந்த மரத்தின் கிளையைக் கழிக்கும்போது கிளை ஒரு பக்கமும் ஆள் மறு பக்கமுமாக நிற்க வேண்டும். கோடாரி தவறினாலும் அடிமரம் தடுத்துக்கொள்ளும். புதரில் கை விடுமுன் கம்பால் தட்டிப் பார்க்க வேண்டும். விரியன் தீண்டினால் நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டும்.

அகற்றிய பின்

மண்ணில் கிடக்கும் விதை பல ஆண்டு உயிரோடிருக்கும். ஆடு மாடுகள் தின்ற காயின் விதைகள் சாணத்தோடு வந்து முளைக்கும். ஆகவே காய் முற்றிய தோப்பில் மேய்ந்த மந்தையைப் புதிதாகத் திருத்திய நிலத்தில் கிடை போடக் கூடாது. அடுத்தடுத்த மூன்று மழைக்காலங்களுக்குப் பின் ஒரு முறை நிலத்தைச் சுற்றி வந்து, விரலளவுக் கன்றுகளைப் பிடுங்கிவிட வேண்டும். அப்போது ஓர் ஆள் போதும். தவறவிட்டால் மூன்றாம் ஆண்டில் மீண்டும் கோடாரி தேடும்படி ஆகும். திருத்திய நிலத்தைத் தரிசாக விடாமல் உடனே உழுது பயிரிடுவது நல்லது. மண்ணின் உப்புத்தன்மைக்கேற்ற பயிர் எது என்பதை மண் பரிசோதனைக்குப் பின் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, வம்பன் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.