ஆயிரம் ரூபாயும் ஆயிரம் ரியாலும்

சென்ற வருடம் நம்ம தோட்டத்து ஆட்கள் கொஞ்சப் பேர் வேன் பிடித்து, பாண்டிருப்பு திரௌபதி அம்மன் கோயில் தீப்பள்ளயம் பார்க்கப் போனோம். கல்முனையைத் தாண்டி மருதமுனைக்குப் போகிற வழியில் உள்ள கடலோர ஊர் அது. றோட்டோரத்துத் தேத்தண்ணிக் கடையில் மருதமுனைக்காரர் ஒருவரோடு பேச்சு வந்தது. ஒன்பது வருடம் கட்டாரில் இருந்தவர், லீவில் வந்திருந்தார். நம்மோடு வந்த கொழுந்தெடுக்கும் பிள்ளை ஒன்று பட்டென்று கேட்டுவிட்டது: "எந்த நாடு நல்லம் நானா? இங்கயா, அங்கயா?"

அவர் சிரித்தார். "எந்த நாடு எண்டு கேக்கப்படா தங்கச்சி. அங்க நீங்க ஆரா இரிக்கப்போறீங்க எண்டு கேளுங்க."

அந்தப் பேச்சை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நம்ம லயங்களில் இருந்தும் பிள்ளைகள் கட்டாருக்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் போகிறார்கள். போகுமுன் என்ன கணக்குப் பார்க்கிறோம்? "அங்கே ஒரு ரியாலுக்கு நம்ம காசு எவ்வளவு?" அவ்வளவுதான். இந்தக் கணக்கு எங்கே இடறுகிறது என்று பாருங்கள்.

2021 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த மாதத்தில்தான் இலங்கையில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதே மாதத்தில்தான் கட்டாரில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1000 ரியால் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. இரண்டும் ஆயிரம்! ஒன்று நாளுக்கு, மற்றது மாதத்துக்கு.

அப்போது ஒரு ரியால் ஏறக்குறைய 54 ரூபாய். ஆகவே 1000 ரியால் என்றால் 54,000 ரூபாய். இங்கே 25 பேர் விழுந்தால் 25,000. அதாவது இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட. தங்குமிடமும் சாப்பாடும் முதலாளி கொடுக்காவிட்டால், மேலே 500 ரியாலும் 300 ரியாலும் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு.

அடுத்த வருடம் நடந்ததை யாரும் மறக்கவில்லை. 2022 மே மாதம் ஒரு டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போனது. கட்டார் ரியால் டொலரோடு கட்டிவைத்த காசு. ஒரு டொலருக்கு 3.64 ரியால், அது அசையாது. அதனால் அதே 1000 ரியால் இங்கே 99,000 ரூபாய் ஆனது. "கட்டார்க்காரனுக்கு அடிச்சது யோகம்" என்றார்கள். ஆனால் 2022 செப்டம்பரில், கொழும்புக் கணக்குப்படி, ஒரே வருடத்தில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. 54 ஆயிரத்துக்கு வாங்கின அரிசி, மா, பருப்பை 99 ஆயிரத்துக்கும் வாங்க முடிந்ததா என்பதே சந்தேகம். ரியால் கூடவில்லை, நம்ம ரூபாய்தான் தேய்ந்தது. கட்டார்க் காசு வந்த வீடு நின்ற இடத்திலேயே நின்றது. 1000 ரூபாய் நாட்சம்பளத்து வீடு பாதிக்கு இறங்கியது. அந்தச் சம்பளம் 1350 ஆக 2024 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பிள்ளைகள் பாஸ்போட் எடுக்க வரிசையில் நின்றதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, காசை விட்டுவிடுவோம். ஒரு நாட்டில் மனிதன் நன்றாக வாழ்கிறானா என்பதை வருமானத்தை மட்டும் வைத்து அளக்கக்கூடாது என்று 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் ஒரு புது அளவுகோல் கொண்டுவந்தது. பாகிஸ்தானைச் சேர்ந்த மஹ்பூப் உல் ஹக் அதை அமைத்தார், நம்ம பக்கத்து நாட்டு அமர்த்தியா சென் துணை நின்றார். எத்தனை வயது வாழ்கிறான், எவ்வளவு படிக்கிறான், எவ்வளவு வருமானம் என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது. இந்தக் கோலால் அளந்தால் இலங்கை தன் வருமானத்துக்கு மிஞ்சின இடத்தில் நிற்கும். இலவசக் கல்வியும் இலவச ஆஸ்பத்திரியும் செய்த வேலை அது. கட்டாரோ இன்னும் மேலே நிற்கும்.

ஆனால் அது சராசரி. கட்டாரில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டவர்கள். நாட்டின் பெரும் பணக்காரனையும், வெயிலில் கம்பி கட்டுகிறவனையும் கூட்டி வகுத்தால் வருகிற எண் இருவரில் ஒருவருடைய வாழ்க்கையும் இல்லை. இங்கேயும் அப்படித்தான். இலங்கையின் சராசரி ஆயுள், சராசரிப் படிப்பு என்று பெருமை பேசும்போது, நம்ம லயத்துக் காம்பராவும் அதற்குள் கரைந்துவிடுகிறது.

மருதமுனைக்காரர் சொன்னதன் பொருள் இதுதான். அங்கே நீங்கள் கட்டார் குடிமகனாக இருக்கப் போவதில்லை. பெண்சாதி பிள்ளையைக் கூட்டிப்போகச் சாதாரணத் தொழிலாளியின் சம்பளம் இடம் கொடுக்காது. சங்கம் அமைக்க வெளிநாட்டுத் தொழிலாளிக்கு உரிமை கிடையாது. வோட்டு இல்லை. 1948இல் குடியுரிமை போய், பல பேர் நாடற்றவர் என்ற பெயரோடு செத்துப்போன நம்ம ஆட்களுக்கு, இருக்கிற மண்ணில் அந்நியனாக இருப்பது என்னவென்று புத்தகம் பார்த்துப் படிக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் அந்தக் கதை இழுத்தது.

வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒன்று. கட்டாரில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுப் பணியாளருக்கு ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டு. சட்டம் உண்டு. பூட்டின கதவுக்குள் அதைக் கேட்க வாய் வேண்டும், போனில் காசும் வேண்டும்.

இன்னொரு கணக்கை நம்ம ஆட்கள் பார்ப்பதே இல்லை. இங்கே வேலை செய்தால் முதலாளி 12 சதவீதமும் நீங்கள் 8 சதவீதமும் சேமலாப நிதிக்குப் போகிறது. நம்பிக்கை நிதி 3 சதவீதம் வேறு. பேரை வெட்டிவிட்டுப் போனால் அதெல்லாம் நின்றுவிடும். கட்டார்ச் சட்டப்படி, ஒரு வருடம் முடிந்த தொழிலாளி வேலை விட்டுப் போகும்போது வருடத்துக்கு மூன்று கிழமை அடிப்படைச் சம்பளம் என்று கணக்குப் போட்டு முதலாளி கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்காமல் பிளேன் ஏறி வந்தவர்களை எனக்குத் தெரியும். ஏஜெண்டுக்குக் கட்டின காசு வட்டிக்கு எடுத்ததென்றால், முதல் எத்தனை மாதச் சம்பளம் அதற்கே போகும் என்று போகுமுன் எழுதிப் பாருங்கள்.

வேனில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை ஒரு கொப்பித் தாளில் இதையெல்லாம் கூட்டிக் கழித்துக்கொண்டு வந்தது. மஹியங்கனை தாண்டுமட்டும் பேச்சில்லை. பிறகு, "அண்ணே, நான் எப்படியும் போவேன். வீட்டுக் கடன் அப்படி" என்றது. போகட்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போகச் சொன்னேன். ஒப்பந்தத்தில் ஒரு பிரதி, பாஸ்போட்டில் ஒரு பிரதி, சேமலாப நிதி இலக்கம் எழுதின துண்டு, மூன்றையும் அம்மாவின் பெட்டியில் வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.