டாட்டூ 'கலெக்டர்' என்றால் யார்? பாட்டி கையில் இருக்கும் பச்சைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செங்கல்பட்டு மாவட்டத்தில் 'கலெக்டர்' என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான். 2019 நவம்பரில் தனி மாவட்டமானதில் இருந்து அந்த நாற்காலி செங்கல்பட்டில் இருக்கிறது. ஆனால் டாட்டூ பிரியர்கள் மத்தியில் 'கலெக்டர்' என்ற வார்த்தைக்கு வேறு அர்த்தம். ஸ்டாம்ப் சேர்ப்பவர், நாணயம் சேர்ப்பவர் மாதிரி, இவர் டாட்டூ சேர்ப்பவர். ஆல்பம் மட்டும் தனியாக இல்லை, உடம்புதான் ஆல்பம்.

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் போகிற வழியில் இருக்கிறது படாளம். வேடந்தாங்கலுக்குத் திரும்பும் கூட்டு ரோடும், கூட்டுறவு சர்க்கரை ஆலையும்தான் ஊரின் அடையாளம். இந்தப் பக்கத்து ஊர்களில் பச்சையை இரண்டு தலைமுறைகளின் கைகளில் பார்க்கலாம். வயதான பாட்டிகளின் முன்கையில் மங்கிப்போன கோலம், தேள், யாரோ ஒருவரின் பெயர். பேரப்பிள்ளைகளின் கையில் மெஷினில் போட்ட சிறகு, சிங்கம், 'அம்மா'. முதலாவதை 'பச்சை' என்கிறோம், இரண்டாவதை 'டாட்டூ' என்கிறோம். இரண்டும் ஒரே வேலைதானா? சேர்ப்பவர்கள் எதைச் சேர்க்கிறார்கள்? இதில் கவனிக்க வேண்டிய ரிஸ்க் என்ன?

டாட்டூ கலெக்டர்னா யாரு?

நிறைய டாட்டூ இருக்கிற எல்லோரும் கலெக்டர் இல்லை. சிம்பிளாகச் சொன்னால், டிசைனை மட்டும் பார்க்காமல் 'இதை யார் போட்டது' என்று பார்ப்பவர்தான் கலெக்டர். ஓவியம் சேர்ப்பவர் ஓவியரைத் தேடிப் போவது போல, இவர் டாட்டூ கலைஞரைத் தேடிப் போவார். ஒருவர் கோடு வேலையில் கெட்டி, இன்னொருவர் புள்ளி வைத்தே நிழல் காட்டுவார், வேறொருவர் முகம் வரைந்தால் அச்சு அசல். ஒவ்வொருவரிடமும் ஒரு 'பீஸ்' வாங்கிச் சேர்ப்பதுதான் கலெக்‌ஷன்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் பிலிப்பைன்ஸின் வாங்-ஓட். கலிங்கா மலைப்பகுதியில் உள்ள புஸ்கலான் கிராமத்தில், முள்ளையும் மூங்கில் குச்சியையும் கரியையும் வைத்துத் தட்டித் தட்டிப் பச்சை குத்தும் மூதாட்டி. 2023 ஏப்ரலில் 'வோக் பிலிப்பைன்ஸ்' இதழின் அட்டையில் வந்தபோது அவருக்கு வயது 106. அவர் கையால் மூன்றே மூன்று புள்ளி வாங்கிக்கொள்ளப் பல நாட்டுக்காரர்கள் அந்த மலை ஏறுகிறார்கள். டிசைன் என்று பார்த்தால் வெறும் மூன்று புள்ளி. அவர்கள் சேர்ப்பது அந்தக் கையை!

ஒன்று கூடினால் என்ன பேசுவார்கள்?

புல்லட் வைத்திருப்பவர்கள் கூடினால் மைலேஜும் மெக்கானிக்கும் பேசுவது போலத்தான் இதுவும். லண்டனிலும் காத்மாண்டுவிலும் டாட்டூ மாநாடுகள் நடக்கின்றன. நேபாள மாநாடு 2011இல் தொடங்கியது. கலைஞர்கள் வரிசையாகக் கடை போட்டு அங்கேயே குத்துவார்கள். கலெக்டர்கள் சுற்றிப் பார்ப்பார்கள், கையைக் காட்டுவார்கள், கதை சொல்வார்கள்.

இந்த வட்டாரத்தில் எழுதாத சில விதிகள் உண்டு:

- ஒருவருக்காகவே வரைந்த டிசைனை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருக்கும் ரெடிமேட் டிசைன்களை ('ஃப்ளாஷ்') யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.
- கேட்காமல் அடுத்தவர் டாட்டூவைத் தொடக் கூடாது. அழகாக இருந்தாலும் அது அவர் உடம்பு.
- போட்டவுடன் எடுத்த போட்டோவை நம்பக் கூடாது. புண் ஆறிய பிறகு, முடிந்தால் ஒரு வருடம் கழித்து எடுத்த போட்டோவைக் கேட்க வேண்டும். கோடு பரவியதா, நிறம் நின்றதா என்பது அப்போதுதான் தெரியும்.
- நம் தோல் நிறத்தில் எந்தக் கலர் எடுபடும் என்பதை, அதே நிறத் தோல் உள்ளவரிடம்தான் கேட்க வேண்டும். மாநிறத்திலும் கறுப்பிலும் வெள்ளை, வெளிர் மஞ்சள் அவ்வளவாகத் தெரியாது. கறுப்பு நன்றாக நிற்கும்.

கடைசி இரண்டும் முக்கியம். முதல் டாட்டூ போடப் போகிற 21 வயதுக்காரருக்கு, ஸ்டூடியோ விளம்பரத்தை விட இப்படி ஒரு அனுபவசாலி சொல்வது அதிகம் உதவும்.

அப்போ பாட்டியும் கலெக்டரா?

ஒரு வகையில் ஆமாம். அந்தக் காலத்தில் கலைஞரைத் தேடிப் போகவேண்டியதில்லை. கலைஞரே வீட்டு வாசலுக்கு வருவார். ஊர் ஊராக நடந்து பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகப் பெண்கள். சந்தை, திருவிழா, அறுவடை முடிந்த நேரம் என்று வருவார்கள். இவர்களையும் மணி மாலை விற்கும் நரிக்குறவர்களையும் பலர் குழப்பிக்கொள்வதுண்டு. இரண்டும் வேறு வேறு சமூகங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே.ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலில் இந்த வேலை விவரமாகப் பதிவாகியிருக்கிறது. மஞ்சள் பொடியையும் அகத்திக் கீரையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் தடவித் திரியாக உருட்டுவார்கள். அதை விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை ரெடி. நூலால் சேர்த்துக் கட்டிய நான்கைந்து ஊசிகள்தான் 'மெஷின்'. ஒரு புள்ளிக்குக் காலணா, பெரிய டிசைனுக்கு 12 அணா வரை கூலி.

தர்ஸ்டன் அன்றைய மெட்ராஸின் ஆங்கிலோ-இந்திய ஆண்களின் பச்சைகளையும் பட்டியல் போட்டார். யானை, தேள், நீராவிக் கப்பல், இதயம், பாம்போடு ஆடும் பெண், குடை பிடித்த பர்மியப் பெண் என்று நீளும் அந்த லிஸ்ட்டைப் பார்த்தால், நூறு வருடத்துக்கு முன்பே இங்கே கலெக்‌ஷன் இருந்தது புரியும்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். வாங்-ஓட் பெயர் உலகுக்குத் தெரியும். நம் பாட்டி கையில் கோலம் போட்ட பெண்ணின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைவிட மோசம், வெள்ளைக்கார அரசு குற்றப் பழங்குடியினர் சட்டத்தை 1911இல் மெட்ராஸ் மாகாணத்துக்கும் நீட்டித்து, குறவர்களையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஊர் ஊராக நடப்பதுதான் தொழில் என்ற மக்களுக்கு, நடப்பதே சந்தேகத்துக்குரிய செயலாக்கப்பட்டது.

பிறகு பச்சை அரசியலுக்கும் வந்தது. 1970களில் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளும்படி எம்.ஜி.ஆர். தன் கட்சியினரிடம் சொன்னதும், கட்சிக்குள்ளேயே சிலர் எதிர்த்ததும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

கறுப்பு மைக்கு 'பச்சை'ன்னு ஏன் பேரு?

மை என்னவோ கரிதான். ஆனால் அது தோலின் மேல் அடுக்கில் இல்லை. அதற்குக் கீழே, சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதன் மேலே இருக்கும் தோல் வழியாக வெளிச்சம் போய்த் திரும்பும்போது சிதறுவதால், கரி நம் கண்ணுக்கு நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது. மணிக்கட்டில் ரத்தக் குழாய் பச்சையாகத் தெரிவதும் இப்படித்தான்.

மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிவிடும். அப்புறம் டாட்டூ மட்டும் எப்படி நிற்கிறது? மை உள்ளே போனதும் உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. மேக்ரோபேஜ் என்னும் நோய் எதிர்ப்பு செல்கள் அதை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த செல் செத்தால் மை வெளியே வரும், உடனே அடுத்த செல் விழுங்கிவிடும். பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடர் ஓட்டத்தைத்தான் காட்டியது. அதாவது, டாட்டூ என்பது உடம்பு விடாமல் பிடித்து வைத்திருக்கிற ஒன்று.

மாமல்லபுரம் போய் போட்டுக்கலாமா?

வார இறுதியில் படாளத்தில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போவது இந்தப் பக்கத்து இளைஞர்களின் வழக்கமான ட்ரிப். டாட்டூ போடும் எண்ணத்தோடு போனால் இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும்.

ஒன்று, டாட்டூவும் கடல் குளியலும் ஒரே நாளில் கூடாது. புதிய டாட்டூ என்பது திறந்த புண். கடலிலும் நீச்சல் குளத்திலும் இருக்கும் கிருமிகள் நேராக உள்ளே போகும். குறைந்தது 2 முதல் 3 வாரம், புண் முழுசாக ஆறும்வரை முங்கிக் குளிக்க வேண்டாம். நேரடி வெயிலும் ஆகாது.

இரண்டு, சுற்றுலாத் தலங்களின் 'கறுப்பு மெஹந்தி'. 'இது டாட்டூ இல்லையே, ரெண்டு வாரத்துல போயிடுமே' என்று நினைக்க வேண்டாம். இயற்கை மருதாணி செக்கச்செவேல் என்றுதான் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேல் ஆனால், அதில் தலைமுடிச் சாயத்தில் வரும் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்குக் கொப்புளம், தழும்பு வரை போகும். ஒருமுறை அலர்ஜி ஆகிவிட்டால் ஹேர் டை போட்டாலும் தொல்லை தொடரும்.

நிரந்தர டாட்டூ என்றால் ஊசி உங்கள் கண் முன்னால் சீல் பிரிக்கப்பட வேண்டும். உங்களுக்கான மையைச் சின்னக் கப்பில் தனியாக ஊற்ற வேண்டும், மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது. கையுறை புதிதாக இருக்க வேண்டும். ஒரே ஊசிக் கட்டில் தெரு முழுக்கக் குத்தியது அந்தக் காலம். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் அந்த வழியில் பரவக்கூடியவை. வெட்டுக்காயம் ஆறினால் தழும்பு புடைத்து வளரும் (கெலாய்டு) உடல்வாகு உள்ளவர்களும், சர்க்கரை நோயாளிகளும் முதலில் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

வேலைக்குப் பிரச்சினை வருமா?

ஐ.டி. கம்பெனிகளில் இது இப்போது பெரிய விஷயம் இல்லை. ஆனால் யூனிஃபார்ம் வேலைக்குத் தயாராகிறவர்கள் அவசியம் யோசிக்க வேண்டும். மத்திய ஆயுதப் படை கான்ஸ்டபிள் தேர்வு அறிவிப்புகளில் டாட்டூவுக்கென்றே விதி உண்டு. மதச் சின்னம், உருவம், பெயர் ஆகியவற்றுக்கு அனுமதி. ஆனால் இடது முன்கையின் உட்புறத்திலோ புறங்கையிலோ மட்டும்தான். அளவு, அந்த உறுப்பின் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். வலது கையில் ஏன் கூடாது? சல்யூட் அடிக்கும் கை அது. ராணுவத்திலும் இதை ஒட்டிய கட்டுப்பாடுதான், வழக்கமாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்குத் தளர்வு உண்டு. ஆகவே எழுத்துத் தேர்வு, ஓட்டம் எல்லாம் பாஸ் ஆகி, மெடிக்கலில் வலது கை சிங்கம் குறுக்கே நிற்கலாம்.

'லேசர்ல அழிச்சிக்கலாம்' என்பது பாதி உண்மை. பல சிட்டிங், சிட்டிங்குக்கு நடுவே வாரக்கணக்கில் இடைவெளி, போட்ட செலவை விட அழிக்கும் செலவு அதிகம். கறுப்பு ஓரளவு போகும். பச்சை, மஞ்சள் லேசில் போகாது.

ரத்த தானம் செய்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. தேசிய ரத்த மாற்றுக் கவுன்சிலின் 2017 வழிகாட்டுதல்படி டாட்டூ போட்டால் 12 மாதம் காத்திருக்க வேண்டும். மாதம் ஒரு டாட்டூ சேர்ப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்?

இந்தியாவில் டாட்டூ மைக்கும் ஸ்டூடியோவுக்கும் என்று தனிச் சட்டம் இல்லை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ மையத்தில் நாக்கையே பிளந்துவிட்ட விவகாரத்தில் கைது நடந்து, மையத்துக்கு சீல் வைக்கப்பட்ட பிறகுதான் பலருக்கு இந்தக் கேள்வியே எழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் மைகளில் உள்ள ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. 'பச்சை 7' என்ற நிறமிக்கு 2023 ஜனவரியில் இருந்து தடை. நம் ஊரில் பாட்டிலின் லேபிளைப் படிக்க வேண்டிய பொறுப்பு, குத்திக்கொள்பவரிடமே இருக்கிறது. அதனால்தான் அனுபவசாலிகள் பகிரும் தகவலுக்கு இவ்வளவு மதிப்பு.

யாரும் சேர்க்காத கலெக்‌ஷன்

மணிப்பூரைச் சேர்ந்த டாட்டூ கலைஞர் மோ நாகா, நாகா பழங்குடிப் பெரியவர்களைத் தேடிப் போய் அவர்களின் பச்சைகளைப் பதிவு செய்து, அந்த மரபில் இருந்து புதிய டிசைன்களை உருவாக்குகிறார். இங்கே புதிதாகப் போடுபவர்கள் வேடந்தாங்கலின் சங்குவளை நாரையையோ, மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசில் நின்று தவம் செய்யும் பூனையையோ டிசைனாகக் கேட்கலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தப் பூனை இன்னும் பல நூற்றாண்டுகள் பாறையில் இருக்கும். பாட்டி கையில் இருக்கும் கோலம் அப்படி இல்லை. 'செத்தா கூட வர்றது இது ஒண்ணுதான்' என்று பெரியவர்கள் பச்சையைப் பற்றிச் சொல்வதுண்டு. அது உண்மையாகவே அவர்களோடு போய்விடுகிறது.

எனவே அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நல்ல வெளிச்சத்தில் பாட்டி கையை ஒரு போட்டோ எடுங்கள். எந்த வயதில், எந்த ஊரில், எவ்வளவு காசுக்கு, குத்தியவர் பெயர் என்ன என்று கேட்டு அதோடு சேர்த்து எழுதி வையுங்கள். 'அது என்ன, அந்த குறத்தி குத்தினா, பேரா தெரியும்' என்று சொல்வார். பரவாயில்லை, அதையும் எழுதுங்கள். வலிக்காமல், வேலைக்கும் பிரச்சினை வராமல் தொடங்கக்கூடிய கலெக்‌ஷன் இது.