தருமருக்கு யார் ஆடுவது?

குருக்கள்மடம் துறையில் பாதையேறி வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. படுவான்கரைக் கூத்துகளுக்கு நான் போகும் வழி அதுதான். கடைசியாக ஒரு வடமோடிக் கூத்துக்குச் சட்டங்கொடுக்கும் நாளில் போயிருந்தேன். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவாகிப் பாட்டுகள் கைமாறும் நாள் அது. வீமனுக்குக் கடும் போட்டி. துரியோதனனுக்கும் அப்படித்தான். தருமருக்குப் பொடியன்மார் ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் நல்ல குரல்வளம் உள்ள ஓர் அண்ணர் தலையில் அது விழுந்தது.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. வடமோடி பெரும்பாலும் போர்க்கதைகளின் கூத்து. வீமன் சபதம் போட்டுத் துள்ளுவான், துரியோதனன் சீறுவான். தருமர் பொறுமை காப்பார். பொறுமையை எந்தத் தாளத்தில் ஆடுவது?

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே வனவாசத்திலும் தீமிதிப்பிலும் தருமராக வருபவர் நடிக்கத் தேவையில்லை. விரதம் இருந்து வருகிறார், சனம் கும்பிடுகிறது. களரியில் கும்பிடுவதற்கு யாரும் காத்திருப்பதில்லை. அடுத்து என்ன நடக்கும் என்றுதான் பார்க்கிறார்கள். குறையே இல்லாதவரிடம் அடுத்து என்ன நடந்துவிடப் போகிறது?

1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையில் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தபோது தயாரித்தவற்றில் கர்ணன் போர், இராவணேசன், வாலிவதை மூன்றும் உண்டு. மூன்றின் நாயகர்களும் பிழை செய்தவர்கள். இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

தஸ்தயெவ்ஸ்கியும் இதில் திணறியவர்தான். முழுக்க நல்லவனான ஒரு மனிதனைப் படைப்பதைவிடக் கடினமான வேலை இல்லை என்று 1868இல் தன் மருமகளுக்குக் கடிதம் எழுதினார். டொன் கிஹோட்டே நல்லவன், ஆனால் சிரிப்புக்கும் உரியவன், அதனால்தான் அந்தப் பாத்திரம் நிற்கிறது என்பது அவர் கணிப்பு. அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த நாவலைத் தமிழில் ‘அசடன்’ என்று வாசிக்கிறோம்.

பாரதம் தருமருக்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. சூதாட்டத்தை விடுங்கள், அது எல்லோரும் சொல்வது. எனக்குப் பிடித்தது தேர். தருமரின் தேர் நிலத்தில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடுமாம். அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணரிடம் உரக்கச் சொல்லி, யானை என்பதை வாய்க்குள் விழுங்கியதும் சக்கரம் மண்ணில் இறங்கிவிடுகிறது. ஒரு நல்ல மனிதனை ஆடிக்காட்ட அந்த நாலு விரற்கடை போதும்.

அந்தப் பொய்க்குப் பிறகு தருமரின் ஆட்டம் மாறுமா என்று அண்ணாவியாரிடம் கேட்டேன். இதுவரை மாற்றியதில்லையாம். சதங்கையணிக்கு முன் ஒருக்கால் ஆடிப் பார்ப்போம் என்றார்.