பழைய தோல் ஜெர்க்கினுக்கு விலை என்ன?

ரயிலே ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவாக இருப்பது குறித்து நண்பர்கள் நம்மைக் கேலி செய்வதுண்டு. ஆயினும் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாட்கள் கடல் கடந்து சென்னையில் இறங்கும் அன்பர்களுக்கு, அங்கிருந்து மேற்கொண்டு செல்ல முன்பதிவுச் சீட்டு வேண்டியிருக்கிறதே! சீட்டோடு சேர்த்துப் பல ஐயங்களையும் அவர்கள் நம்மிடம் கேட்கின்றனர். சென்ற மழைக்காலத்தில் ஓர் அம்மையார் கேட்ட ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவருடைய காலஞ்சென்ற கணவர் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது அணிந்த தோல் ஜெர்க்கின் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. "தம்பி, இதற்கு ஐம்பதாயிரம் கிடைக்குமென்று பையன் செல்பேசியில் பார்த்துச் சொல்கிறான். வாசலுக்கு வந்த வியாபாரி ஐந்நூறு என்கிறார். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டும். எது மெய்?" என்றார். (ஆங்கிலேயர் இதனை ஜாக்கெட் என்பர். நம் வீடுகளில் அச்சொல் பெண்டிரின் ரவிக்கையைக் குறிப்பதாகலின், ஜெர்க்கின் என்றே நம்மவர் வழங்குகின்றனர்.)

ஐம்பதாயிரம் என்ற பேச்சு முற்றிலும் பொய்யன்று. 1928ஆம் ஆண்டில் நியூயார்க்கில் இர்விங் ஷாட் என்பவர், மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கென்றே ஜிப் வைத்த தோல் உடுப்பொன்றைத் தைத்து, தாம் விரும்பிப் புகைத்த சுருட்டின் பெயரையே அதற்கும் சூட்டி, 'பெர்ஃபெக்டோ' என விற்பனைக்கு விட்டார். அன்றைய விலை ஐந்தரை டாலர். 1953இல் வெளிவந்த 'தி வைல்ட் ஒன்' என்ற படத்தில் மார்லன் பிராண்டோ இத்தகைய உடுப்பை அணிந்து தோன்றிய பின்னர், இளைஞர் உலகமே அதன்மேல் மோகம் கொண்டது. அக்காலத்து உடுப்புகள் கெடாமல் கிடைப்பின், சேகரிப்போர் பெரும்பொருள் கொடுக்கின்றனர். ஆனால் எல்லாப் பழைய ஜெர்க்கினும் பெர்ஃபெக்டோ ஆகிவிடாது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. திருவொற்றியூரில் 1956 முதல் என்ஃபீல்டு புல்லட் வண்டிகள் உருவாயின. தோலுக்கோ ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என மூன்று ஊர்கள். ஆவாரம் பட்டையிட்டுப் பதனிட்ட தென்னாட்டுத் தோல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பூட்சுகளுக்குச் சென்றது. 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் தோன்றியது. இத்தொழிலால் பாலாறு பட்ட பாட்டையும் மறைக்கலாகாது. உச்ச நீதிமன்றமே 1996இல் தலையிட்டுத் தீர்ப்புக் கூற நேர்ந்தது.

அம்மையாரின் ஜெர்க்கினை மேசைமேல் விரித்துப் பார்த்தோம். முதற்கண் அது தோல்தானா என்று காண வேண்டும். தையல் ஓரத்தில் வெட்டுவாயை உற்று நோக்கினால் மெய்த்தோலில் நார்நாராகத் தெரியும்; போலியில் துணிமேல் பூசிய பூச்சே தெரியும். நம் தீவின் ஈரக் காற்றில் பூச்சுத் தோல் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். இது மெய்த்தோல். தோள்பட்டை உறுதியாயிருந்தது, முழங்கைகளில் வெடிப்பு, கழுத்துப்பட்டையில் பூஞ்சைக் கறை. ஜிப் மட்டும் புதியது. எப்போதோ உள்ளூர்த் தையற்காரர் மாற்றியிருக்கிறார். சேகரிப்போர் முதலில் பார்ப்பது ஜிப்பைத்தான். பழைய பித்தளை ஜிப் அதன் பெயர் முத்திரையோடு இருந்தால் வயதுக்குச் சாட்சி. அது போனால் விலையில் பெரும்பகுதி போயிற்று. கழுத்துச் சீட்டும் தேய்ந்து எழுத்தழிந்திருந்தது. அதில் யுகோஸ்லாவியா போன்று இன்று இல்லாத நாட்டின் பெயர் இருப்பினும் காலம் கணிக்கலாம். இதில் ஒன்றும் புலப்படவில்லை. உள்பையைத் துழாவியபோது 1988ஆம் ஆண்டின் பெட்ரோல் ரசீது ஒன்று அகப்பட்டது. சென்னையில் போட்ட பெட்ரோல். ஜெர்க்கினின் வயதுக்கு அதுவே சான்று.

அளவையும் எழுதிக்கொண்டோம். இரு அக்குள்களுக்கு இடையே அளந்து இரட்டித்தால் மார்பளவு. சீட்டிலுள்ள எண்ணை நம்பலாகாது. பழைய உடுப்புகள் பெரும்பாலும் இறுக்கமானவை.

இங்கே நமது பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வெடிப்பு நீங்குமென்று எண்ணி அன்றிரவே தேங்காயெண்ணெய் தடவினோம். நான்கு நாட்களில் வெண்பூஞ்சை பூத்துவிட்டது! ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், சமையல் எண்ணெய் பூஞ்சைக்கு விருந்தாகும் என்பதை யார் அறிந்தார்? அம்மையாரிடம் சொல்ல நாணினோம், எனினும் சொன்னோம். பின்னர் உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, வெயில் படாமல் காற்றோட்டத்தில், அகன்ற தோள் கொண்ட மாட்டியில் தொங்கவிட்டோம். டிரங்குப் பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் தோலுக்குப் பகை.

இத்தீவில் விலை கேட்க ஆளில்லை. நாம் விடுப்பில் ஊர் சென்றபோது அதனை உடன் கொண்டு சென்றோம். பழம்பொருளுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாகிவிட்டது. சென்ட்ரல் நிலையத்திற்கு அருகிலேயே தோல் வாணிகம் நடக்கும் பெரியமேடு இருக்கிறது. முதற்கடையில் 2,500 ரூபாய் என்றார்கள். அடுத்த கடையில் ஒரு முதியவர் உட்புறத்தைப் புரட்டித் தையலை விரலால் தடவிப் பார்த்து, நாம் வாய் திறக்குமுன்னே, "யார் இதில் எண்ணெய் தடவியது?" என்று கேட்டார். பின் 3,200 கொடுத்தார்.

அத்தொகை கல்லூரிப் பணத்திற்குப் போதவில்லை. அதனை அம்மையார் வேறு வழியில் திரட்டினார். இது மகளின் கப்பல் கட்டணத்திற்கும், சென்ட்ரலிலிருந்து கோவைக்கு இரண்டாம் வகுப்புப் படுக்கைச் சீட்டிற்கும் உதவிற்று. சீட்டை நாமே பதிவு செய்தோம். அந்தப் பெட்ரோல் ரசீதை மட்டும் அம்மையார் திரும்பக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.