பழம்புடவை விரிப்புக்கு எந்தத் துணி?

பழம்புடவைகளையும் தையற்கடைத் துண்டுத் துணிகளையும் அடுக்கி, மேலும் கீழும் நூலோட்டித் தைத்த விரிப்பு உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். வங்காளத்தில் இதைக் காந்தா என்பார்கள். கர்நாடகத்தில் இதற்குப் பெயர் கௌதி. சிந்துப் பகுதியில் ரல்லி. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே: நைந்துபோன பல துணிகளைச் சேர்த்து உறுதியான ஒரே துணியாக்குவது.

நம் பாட்டிமார் காலத்தில் துணியைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கல் அதிகம் இல்லை. வீட்டில் கிடைத்தவை பெரும்பாலும் பருத்தித் துணிகளே. இன்று பீரோவைத் திறந்தால் பருத்தி, பாலியெஸ்டர், நைலான், ரேயான், இவற்றின் கலப்புகள் என்று பலவும் இருக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் காற்று, நீர், தீ ஆகிய மூன்றிடமும் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. நிறத்தைப் பார்ப்பதற்கு முன் இந்த மூன்றையும் பார்க்க வேண்டும்.

காற்று

போர்வை நமக்கு வெப்பம் தருகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை. நம் உடலின் வெப்பம் வெளியேறாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். அதையும் துணியைவிட, துணிக்குள் சிறைப்பட்ட காற்றே செய்கிறது. அசையாத காற்று மிகச் சிறந்த அரிதிற் கடத்தி. நீர் அதைவிட ஏறக்குறைய 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஒரே கனமான துணியைக் காட்டிலும், அதே எடையுள்ள இரண்டு மெல்லிய துணிகள் கதகதப்பாக இருப்பது அவற்றின் இடையே தங்கும் காற்றினால்தான்.

தையல் விழும் இடங்களில் அடுக்குகள் நெருங்கி அழுந்துவதால் காற்று வெளியேறிவிடுகிறது. ஆகவே தையல் வரிசைகள் மிக நெருக்கமாக இருந்தால் கதகதப்புக் குறையும். மிக விலகியிருந்தாலோ, அடுக்குகள் நழுவிச் சுருண்டுகொள்ளும்.

நீர்

சென்னையில் ஜனவரி இரவுகளில்கூட வெப்பநிலை சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். நமக்குக் குளிரைவிட வியர்வையே பெரிய தொல்லை அல்லவா? ஆகவே நம் ஊருக்கு நீர்ச் சோதனையே முக்கியமானது.

பருத்தி இழை செல்லுலோஸால் ஆனது. அதன் மூலக்கூறுகளில் நீரை ஈர்க்கும் தொகுதிகள் ஏராளம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது, ஒரு கிலோ உலர்ந்த பருத்தி சுமார் 80 கிராம் நீரைக் காற்றிலிருந்தே ஈர்த்து வைத்துக்கொள்ளும். அதே நிலையில் ஒரு கிலோ பாலியெஸ்டர் ஈர்ப்பது ஏறத்தாழ 4 கிராம்தான்! அதனால்தான் பாலியெஸ்டர் விரிப்பின்மேல் படுத்தால் வியர்வை முதுகிலேயே தங்கிப் பிசுபிசுக்கிறது.

செய்து பாருங்கள்: நன்கு துவைத்து உலர்த்திய துணியின்மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். பழைய பருத்தியில் அது உடனே பரவி மறையும். நூலிழைகளின் இடைவெளிகளில் நிகழும் நுண்புழை நுழைவே இதற்குக் காரணம். புதுத் துணியில் சொட்டு முத்துப்போல நின்றால், அது பருத்தி அல்ல என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கஞ்சிப் பசையும் மெருகும் போகுமாறு துவைத்த பிறகு மீண்டும் சோதியுங்கள்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நனைந்தால் பருத்தி நூலின் வலிமை சற்றுக் கூடுகிறது. சாதாரண ரேயானும் செல்லுலோஸே எனினும், நனைந்ததும் அதன் வலிமை பாதியளவுக்குக் குறைந்துவிடும். அடிக்கடி துவைத்துப் பிழியும் விரிப்புக்கு அது ஏற்றதல்ல.

எத்தனை அடுக்கு?

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. அப்படி நனைந்த விரிப்பை உலர்த்துவது எவ்வளவு பெரிய வேலை? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள விரிப்பைப் பிழிந்த பிறகும், அதில் தன் எடைக்குச் சமமான நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,430 ஜூல் வெப்பம் வேண்டும். 1,500 கிராமுக்கு 36 லட்சம் ஜூலுக்கு மேல் ஆகிறது. இது ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சமம்! இத்தனை வெப்பத்தையும் வெயிலும் காற்றும் தந்தாக வேண்டும். மழைக்காலத்தில் இது நடக்காவிட்டால் உள் அடுக்குகளில் பூஞ்சை பிடிக்கும். ஆகவே மூன்று, நான்கு அடுக்குகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தீ

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. தீப்பட்டால் உருகிச் சொட்டி, தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும். நைலானும் உருகும் இனமே. பருத்தி உருகுவதில்லை. ஆனால் அது தீப்பிடிக்காத துணியும் அல்ல. எந்த விரிப்பானாலும் அடுப்புக்கும் கொசுவத்திச் சுருளுக்கும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

துணி எந்த இனம் என்று அறிய, ஓரத்திலிருந்து நான்கைந்து நூல்களை மட்டும் உருவி எடுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்க, நீர் நிரம்பிய தட்டின்மேல் இடுக்கியால் பிடித்து எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் மணம் வந்து, மென்மையான சாம்பல் மிஞ்சினால் பருத்தி அல்லது ரேயான். முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. சுருங்கி உருகிக் கெட்டியான மணியானால் செயற்கை இழை. சாம்பலும் மணியும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி.

சாயமும் சுருக்கமும்

1950-களின் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மெட்ராஸ் கட்டத் துணி, துவைத்ததும் சாயம் விட்டது. வணிகர்களோ அந்தக் குறையையே ஒரு சிறப்பாக விளம்பரம் செய்து விற்றார்கள். நம் விரிப்புக்கு அந்தச் சிறப்பு வேண்டாம்! துணியை நனைத்து ஒரு வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். கறை ஒட்டினால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

புதுத் துண்டுகளைத் தைப்பதற்கு முன் இரண்டு முறை துவைப்பதும் அவசியம். நூற்கும்போதும் நெய்யும்போதும் இழுபட்ட நூல்கள், நீர் பட்டதும் தளர்ந்து சுருங்குகின்றன. பலமுறை துவைத்த பழம்புடவை ஏற்கெனவே சுருங்கி முடிந்தது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால், முதல் சலவையிலேயே விரிப்பு கோணிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சல்லடைபோலத் தெரியும் புடவையை உள் அடுக்கிலும், உறுதியானதை மேலும் கீழும் வைக்கலாம்.

மலிவாகக் கிடைத்தது என்றோ பளபளப்பாக இருக்கிறது என்றோ ஒரு துணியைச் சேர்த்துவிடாதீர்கள். நம் வெப்பத்துக்கும் வியர்வைக்கும் ஏற்றது, துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்திதான். உங்கள் வீட்டில் கழித்துப் போட்ட ஐந்து துணிகளை எடுத்து, மூன்று சோதனைகளையும் செய்து, முடிவுகளை அட்டவணையாக எழுதுங்கள். விரிப்புக்கு எத்தனை தேறுகின்றன?