மாத்திரை கொடுக்கலாமா?

ரங்கத்தில் ஒரு பையன் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயது. வகுப்பில் உட்கார மாட்டான். பென்சிலைத் தொலைப்பான். சொன்ன வேலையைப் பாதியில் விட்டு ஓடுவான். வாத்தியார் திட்டுகிறார். அப்பா அடிக்கிறார். பள்ளியை விட்டு நிறுத்திவிடலாமா என்று பேச்சு வந்துவிட்டது.

இது கொழுப்பு அல்ல. வளர்ப்பின் குற்றமும் அல்ல. கவனம் நிற்காத ஒரு குறைபாடாக இருக்கலாம். டாக்டர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்பார்கள். துறுதுறு என்று இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இது இல்லை. வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதமாவது இப்படி இருந்து, படிப்பும் கெட்டால்தான் இந்தச் சந்தேகம் வரும்.

ஸ்ரீ விஜயபுரத்தில் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது. 2024 வரை அந்த ஊருக்குப் போர்ட் பிளேர் என்று பெயர். அங்கே மனநல டாக்டரைப் பார்க்கலாம். ஆனால் வழி தூரம். ஜாரவா காட்டுக்குள் வண்டிகள் குறித்த நேரத்தில் கூட்டமாகத்தான் போகும். ஒரு நாள் போய்விடும். டாக்டர் முன்னால் இருப்பதோ கொஞ்ச நேரம். அந்த நேரம் பார்த்துப் பையன் சமர்த்தாக உட்கார்ந்துவிடுவான்! புது இடம் அல்லவா? டாக்டருக்கு எப்படித் தெரியும்?

ஒரு நோட்டு வாங்குங்கள். நீங்கள்தான் இப்போது எழுதுகிறீர்களே. "திங்கள். கணக்கு பாதி. சண்டை இரண்டு முறை." இவ்வளவு போதும். வாத்தியாரிடமும் இரண்டு வரி வாங்குங்கள். இந்தியில் எழுதினாலும் பரவாயில்லை.

சிறு பிள்ளைக்கு முதலில் மாத்திரை இல்லை. பிள்ளையைப் பழக்கும் விதத்தைப் பெற்றோருக்குச் சொல்லித் தருவார்கள். பெரிய பிள்ளைக்குத் தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை எழுதலாம். இது நேற்று வந்த மருந்து அல்ல. 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவானது. சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். குறைந்த அளவில் தொடங்கிப் பார்த்துப் பார்த்துக் கூட்டுவார்கள். பசி குறையலாம். தூக்கம் தள்ளிப் போகலாம். எடை, உயரம், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். பையன் எப்போதாவது மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் சின்ன வயதில் இருதய நோய் வந்திருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நோட்டை நிறுத்தாதீர்கள். "காலை 8 மணி, மாத்திரை. மதியம் சாதம் பாதி. இரவு 11 மணிக்குத் தூக்கம்." இதைப் பார்த்துத்தான் அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா, வேறு மருந்தா என்று டாக்டர் யோசிப்பார்.

அப்பாவுக்கு மாத்திரை பிடிக்கவில்லையா? அதை டாக்டரிடமே சொல்லட்டும். அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டில் குப்பையில் போடுவதுதான் ஆபத்து. மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார்.

இந்த மாத்திரைக்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. மழைக்காலத்தில் கப்பல் நிற்கும், பஸ் நிற்கும். அடுத்த தடவை வரை மாத்திரை போதுமா, தீர்ந்தால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

வழியில் சந்தேகம் வந்தால் 14416-க்குப் போன் செய்யலாம். இது 2022-இல் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவை. காசு இல்லை. தமிழிலும் பேசலாம்.