ஆலை முதலாளியும் தொழிற்சங்கமும்

ஓர் ஆலையை நடத்துவோர் தம் தொழிலாளரோடு இணங்கி வாழ்தற்கு வழி யாது என வினவின், அவர்க்கு நன்மை செய்தலே வழி என்று விடையிறுப்போர் பலர். பள்ளிக்கூடம், வைத்தியசாலை, குடியிருப்பு வீடுகள் என்னும் இவை யாவும் நல்லனவே. இவற்றை வேண்டா என்பார் யாருமிலர். ஆயினும் நன்மை செய்தல் வேறு, செவிசாய்த்தல் வேறு. முன்னதைச் செய்தமையாற் பின்னதினின்றும் தாம் விடுபட்டோம் எனக் கருதும் முதலாளிகள் உளர். அக்கருத்து எத்துணைச் சேதம் விளைக்கும் என்பதை அறிய, 1918-ஆம் ஆண்டில் நம் நாட்டு நகரங்கள் இரண்டில், ஒரே தொழிலில் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டு நோக்குதல் நலம். நம் கல்லூரியினின்று வெளியேறுவோருள் சிலர் நிர்வாகிகளாகவும், சிலர் சங்கத் தலைவர்களாகவும் ஒரு மேசையின் இரு புறத்தும் அமர நேரிடுமாதலின், இது நமக்கு அயலான செய்தி அன்று.

சென்னைப் பெரம்பூரில் பின்னி கம்பெனியார் நடத்திவந்த பக்கிங்காம், கர்நாடிக் என்னும் பஞ்சாலைகள் இரண்டும் அக்காலத்தில் பெரும் புகழ் வாய்ந்தவை. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தும், மருந்து கொடுத்தும், பின்னர் வீடுகள் கட்டியும் அவ்வாலைகள் பிறர்க்கு எடுத்துக்காட்டாய் விளங்கின. இருந்தும், பகலுணவுக்கு விடப்பட்ட அரைமணி நேரம் போதாது என்னும் எளிய குறையைத் தானும் அச்சமின்றி எடுத்துரைக்கத் தொழிலாளிக்கு அங்கே இடமிருந்ததில்லை. மேஸ்திரியிடம் சொன்னால் மேஸ்திரி பகையாவான்; துரையிடம் சொல்ல மொழி தெரியாது. எனவே அவர்கள் தம் குறைகளை ஆலைக்கு வெளியே கூறலாயினர். செல்வபதி செட்டியார், இராமாநுஜுலு நாயுடு என்னும் இருவர் அவற்றைக் கேட்டு, அன்னி பெசண்டு அம்மையாருடன் பணியாற்றிய பி. பி. வாடியாவை அழைத்துவந்தனர். 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. வாடியா தலைவரானார், திரு. வி. கலியாணசுந்தர முதலியார் உடனிருந்து உழைத்தார்.

சங்கம் தோன்றியது கேட்டு நிர்வாகத்தார் உவந்தாரல்லர். தம் தொழிலாளரிடம் தாமே பேசலாம், இடையே வெளியார் எதற்கு என்பது அவர்தம் வாதம். இவ்வாதம் இன்றும் பல அலுவலகங்களில் எழுவதாதலின், இதனைச் சிறிது ஆராய்தல் வேண்டும். தொழிலாளி ஏன் வெளியாரை நாடுகின்றான்? அன்று அவனுக்குப் பெரும்பாலும் எழுத்தறிவில்லை; கணக்கறியான்; கடிதம் வரையான். அவற்றினும் பெரிது, பேசியவனை மறுநாளே வேலையினின்று நீக்கிவிடலாம் என்பது. வெளியாரை அவ்வாறு நீக்க இயலாது. ஆகவே வெளியாரை விரும்பாத முதலாளி, உள்ளே இருப்பவன் துணிந்து பேசினும் அவன் பிழைப்புக்கு ஊறு நேராது எனச் செய்கையாற் காட்டல் வேண்டும். அதனைச் செய்யாது வெளியாரை வெறுத்தல், நோயைக் காணாது வைத்தியனை வெறுத்தல் போலும்.

பெரம்பூரில் நிகழ்ந்தது வேறு. 1918-லேயே கதவடைப்பு நேர்ந்தது. 1920-இன் இறுதியில் மீண்டும் ஒரு கதவடைப்பு. அப்போது கம்பெனியார் வாடியா முதலியோர்மீது உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் பெற்றனர். தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினர் என்பது குற்றச்சாட்டு. அக்காலச் சட்டத்தில் சங்கங்களுக்கு இதனினின்று காப்பு இல்லை. முடிவில் வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகினார். வழக்கில் வெற்றி கம்பெனியாருக்கே. ஆயின் அமைதி வந்ததோ? 1921-இல் ஜூன் தொடங்கி அக்டோபர் வரையில் பெரும் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, அவர்க்கும் ஏனையோர்க்கும் இடையே புளியந்தோப்பிற் கலகம் மூண்டது. குடிசைகள் எரிந்தன, போலீஸார் சுட்டனர், உயிர்கள் மாண்டன. பேசத்தக்க தலைவரை விலக்கினவர்க்கு, பேச இயலாத கூட்டமே எதிர்நின்றது.

இனி ஆமதாபாத்தை நோக்குவோம். 1917-இல் அந்நகரிற் கொள்ளைநோய் பரவியபோது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஆலைக்காரர் மிகுதியாக போனஸ் கொடுத்தனர். நோய் தணிந்ததும் அதனை நிறுத்த முற்பட்டனர், விலைவாசியோ தணியவில்லை. நெசவாளர் கூலியில் நூற்றுக்கு 35 வீதம் உயர்வு வேண்டினர். ஆலைக்காரர் 20 வீதத்துக்குமேல் இயலாது என்றனர். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளும் அனசூயா சாராபாயும். முதலாளிகளின் தலைவரோ அவ்வம்மையாரின் உடன்பிறந்த அம்பாலால் சாராபாய். 1918 பிப்ரவரியிற் கதவடைப்புத் தொடங்கிற்று. மார்ச்சு மாதத்திற் காந்தியடிகள் உண்ணாநோன்பு மேற்கொள்ள, மூன்று நாளில் உடன்பாடு ஏற்பட்டது. அவ்வுடன்பாடு கூர்ந்து நோக்கத்தக்கது: முதல் நாள் 35 வீதம், தொழிலாளர் சொற் காக்கப்படும், இரண்டாம் நாள் 20 வீதம், முதலாளிகள் சொற் காக்கப்படும், அதன்பின் நடுவர் தீர்ப்பு வருமளவும் 27½ வீதம். நடுவராய் அமர்ந்தவர் ஆனந்தசங்கர துருவர், கல்லூரியில் வடமொழி கற்பித்த பேராசிரியர். (நம் ஆசிரியர்கள் இதனைக் கேட்டு மகிழ்வார்களாக.) அவர் தந்த தீர்ப்பு 35 வீதமே.

இம்முடிவினும் பயனுடையது, இதன்பின் அமைந்த ஏற்பாடு. 1920-இல் நெசவுத் தொழிலாளர் சங்கம் நிறுவப்பெற்றது. அதே காலத்தில் நிலையான நடுவர் குழு ஒன்றும் உண்டாயிற்று. தொழிலாளர்க்குக் காந்தியடிகளும், ஆலைக்காரர்க்கு மங்கள்தாஸ் கிர்தர்தாஸும் அதில் அமர்ந்தனர். தொழிலாளி தன் குறையைச் சங்க அலுவலகத்திற் பதிவு செய்வான். சங்கத்தார் விசாரித்து உண்மை கண்ட பின்னரே ஆலை நிர்வாகியிடம் செல்வர். அங்கே தீராததை ஆலைக்காரர் சங்கத்திடமும், அங்கும் தீராததை நடுவரிடமும் கொண்டு செல்வர். ஆதாரமற்ற புகார்கள் சங்கத்தின் வாயிலிலேயே நின்றுவிடுதலின், இவ்வேற்பாட்டில் முதலாளிக்கும் ஆதாயம் உண்டு. ஆமதாபாத்திற் பூசலே இல்லை என்பதற்கில்லை. 1923-இற் கூலிக்குறைப்பை முன்னிட்டுப் பெரிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. எனினும் ஏற்பாடு அதனால் அழிந்துபோகவில்லை.

இவ்விரண்டனையும் நோக்குங்கால், முதலாளி முதலிற் செய்யவேண்டுவது சங்கத்தைச் சண்டைக்கு முன்னரே ஏற்றுக்கொள்ளுதல் என்பது விளங்கும். கதவை அடைத்த பின்னர் ஏற்பது தோல்வியாகத் தோன்றும். இரு திறத்தார்க்கும் கசப்பே மிஞ்சும். அடுத்தது, பேச்சுக்கு அனுப்பப்படுபவர் முடிவு செய்யும் அதிகாரம் உடையவராயிருத்தல். ஒவ்வொரு வினாவுக்கும் மேலிடத்தைக் கேட்டுச் சொல்வதாகக் கூறும் மானேஜரிடம் இருமுறை பேசுவர். மூன்றாம் முறை வேலையை நிறுத்துவர். கூலி உயர்வுக்கு இடமில்லை என்பவர் கணக்கைக் காட்டவேண்டும். காட்டாத கணக்கை நம்புவார் எவருமிலர்.

கம்பெனியே அமைக்கும் குழுக்கள் பற்றியும் ஒரு சொல். 1921-க்குப் பின்னர்ப் பெரம்பூர் ஆலைகளில் நலக்குழு ஒன்று அமைந்தது. இத்தகைய குழுக்கள் குடிநீர், உணவறை, விபத்துக் காப்பு முதலியவற்றுக்கு மிகவும் உதவும். ஆனால் அவற்றைச் சங்கத்துக்குப் போட்டியாகப் பயன்படுத்தலாகாது. சங்கத்தின் ஒத்துழைப்பைப் பெற்றே நடத்துதல் வேண்டும் என்று, விட்லி தலைமையில் அமைந்த அரச தொழிலாளர் கமிஷன் 1931-இலேயே அறிவுறுத்தியது. தலைவர்கள் வெளியார் என்பதும், உறுப்பினர் தொகை குறைவு என்பதும் சங்கத்தை ஏற்க மறுத்தற்குத் தக்க காரணங்கள் அல்ல என்றும் அக்கமிஷன் கூறிற்று.

சட்டம் இதில் மெல்லவே நடந்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம், வாடியாவுக்கு நேர்ந்தது போன்ற வழக்குகளினின்று பதிவுபெற்ற சங்கங்களுக்குக் காப்பளித்தது; முதலாளி சங்கத்தை ஏற்றே தீரவேண்டும் என்று கூறவில்லை. அங்ஙனம் கூறிய 1947-ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, சங்கங்கள் பல உள்ளவிடத்து நூற்றுக்கு 51 பேரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சு நடத்தும் என்றும், அத்தகையது இல்லையேல் பல சங்கப் பிரதிநிதிகள் கூடிய குழு பேசும் என்றும் வகுத்தது. பெரம்பூர் ஆலைகள் இவற்றைக் காண இல்லை. அவை 1996-இலேயே மூடப்பட்டன.

யாருடன் பேசுவது என்பதைச் சட்டம் சொல்லும். எப்போது பேசுவது என்பது பெரிதும் நிர்வாகியின் கையில் உள்ளது. மாதந்தோறும் ஒரு நாளைக் குறித்துவிடுதல் நன்று. அந்நாளிற் பேசுதற்கு ஒன்றுமில்லை எனத் தோன்றினும் கூட்டத்தை ஒத்திவைத்தல் ஆகாது. பகலுணவுக்கு அரைமணி போதாது என்பது போன்ற செய்திகள் வெளிவருவது அத்தகைய கூட்டங்களிலேதான்.